எரியும் டயருக்கு முன்னால் ஓர் ஆமென்

எனக்கு வயசு எழுபத்தெட்டு. பெத்தது நாலு, வளர்த்தது ஆறு. செத்துப்போன நாத்தனார் பிள்ளைங்க ரெண்டும் என் கையிலதான் வளர்ந்துச்சு. அஞ்சாவதுக்கு மேல படிக்கல. எழுத்துக் கூட்டி எழுதுவேன். எங்க சபைப் பெண்கள் சங்கத்துல, ஆண்டவர் செஞ்சதைச் சாட்சியா எழுதிக் கேட்டாங்க, நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

மேட்டூர் திறக்காம குறுவை போன வருஷம் அது, சுனாமிக்கு முந்தி. என் கடைசி மகன் நைஜீரியாவில ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில மெக்கானிக். அவன்கூட அங்க இருந்த மருமகள் மேரி முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான் பார்க்கணும், ஆனா அவளுக்குத் தாய் இல்ல. பிளேன் ஏறக்கூடாதுன்னு டாக்டரும் சொல்லிட்டாங்க. மாயவரத்தைத் தாண்டி அதிகம் போகாத நான், லேகியமும் ஊறுகாயும் கட்டிக்கிட்டு பிளேன் ஏறினேன்.

அந்த ஊர் பேரு இன்னைக்கும் என் வாயில நுழையாது. எத்தனையோ இனத்து ஜனங்க, ஆளுக்கொரு பாஷை. தெருவுக்கு ஒரு மூலையில பள்ளிவாசல், மறு மூலையில ரெண்டு கிறிஸ்தவக் கோயில். ஒரே வீட்டுல அண்ணன் தொழுகைக்குப் போவார், தம்பி கோயிலுக்குப் போவார். சாப்பாடு ஒரே சட்டியில. கீழ்வீட்டு இப்ராஹிம் குடும்பமும் அப்படித்தான். அவர் கம்பெனி டிரைவர். என்னை 'மாமா'ன்னு கூப்பிடுவார், அங்க அம்மாவுக்கு அதுதான் வார்த்தை. எனக்குச் சிரிப்பா வரும்.

அந்த ஊர் ஜெபம்தான் எனக்குப் பிடிக்கல. நாங்க லுத்தரன். முக்காடு போட்டு, முழங்கால்ல நின்னு, மெதுவா ஜெபம் பண்ணிப் பழக்கம். அங்க எல்லாம் கத்தல். ஒருத்தர் ஒரு வரி சொன்னா கோயிலே ஆமென்னு அலறுது. "ஆண்டவருக்கு என்னடா, காதா கேக்கல?"ன்னு மகன்கிட்ட கேட்டேன். "சும்மா இருங்கம்மா"ன்னான்.

ஒரு நாள் காலையில மார்க்கெட்டுல ரெண்டு மதத்துக்காரங்களுக்கும் சண்டை. மத்தியானத்துக்குள்ள ஊரெல்லாம் புகை. மகன் கம்பெனியில மாட்டிக்கிட்டான். போன் போகல. அந்த நேரம் பார்த்து மேரிக்கு உதிரம் போக ஆரம்பிச்சுது. இன்னும் மாசம் நிறையல. முக்காடு போட்டு முழங்கால்ல நின்னேன். ஆண்டவரே, போலீஸை அனுப்பும், மிலிட்டரியை அனுப்பும்னு அழுதேன். யாரும் வரல. தாயும் பிள்ளையும் என் கண்ணு முன்னாடியே போயிடும்னு நினைச்சேன்.

கதவைத் தட்டினது இப்ராஹிம். மேரி அலறினது கீழே கேட்டிருக்கு. கையில கார் சாவி.

மேரியைக் கார்ல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியில முதல்ல மறிச்சது முஸ்லிம் பையன்கள். இப்ராஹிம் தொப்பியையும் என் முக்காட்டையும் பார்த்தாங்க, விட்டுட்டாங்க. அடுத்த இடத்துல டயர் எரியுது. கட்டையோட நின்னது நம்ம கிறிஸ்தவப் பிள்ளைங்க. அவங்களும் அதே தொப்பியையும் முக்காட்டையும்தான் பார்த்தாங்க. இப்ராஹிமைச் சட்டையைப் பிடிச்சு வெளியே இழுத்தாங்க.

"அத்தை, நம்மளையும் முஸ்லிம்னு நினைச்சுட்டாங்க, முக்காட்டை எடுத்துடுங்க"ன்னு மேரி வலிக்கு நடுவுல சொன்னா.

"ஜெபத்துக்குப் போட்டதை இவனுங்களுக்காக எடுக்கவா?"ன்னேன். எடுக்கல. தாலியை வெளியே இழுத்தேன். நம்ம தாலியில சிலுவை இருக்கே! ஊரார் பார்க்கத் தாலியை எடுத்துக் காட்டுறது வழக்கமில்ல, அன்னைக்குக் காட்டினேன். தலைவன் மாதிரி இருந்தவன் குனிஞ்சு பார்த்தான். ஏதோ சொன்னான்.

"நம்மளைப் போகச் சொல்றாங்க அத்தை. அவரை விட மாட்டாங்களாம்."

"வண்டியை யாரு ஓட்டுவா, இவன் அப்பனா?"

தமிழ்லதான் கேட்டேன். வண்டி ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்காக வந்த மனுஷனை விட்டுட்டுப் போனா அப்புறம் எந்த முகத்தோட முழங்கால்ல நிக்கிறது?

கீழே இறங்கி இப்ராஹிம் கையைப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், ஜெபம் பண்ணினேன். அவங்க கோயில்ல கத்துற மாதிரியே கத்தினேன். "இயேசுவே, இந்த இப்ராஹிமைக் காப்பாத்தும்!" கார்ல கிடந்தவளைக் காட்டி, "இந்தப் பிள்ளையைக் காப்பாத்தும்!" தமிழ் புரியாது. இயேசுவும் இப்ராஹிமும் புரிஞ்சிருக்கும். பின்னால நின்ன ஒருத்தன் வாயிலேருந்து ஆமென் வந்துடுச்சு. பழக்கம்தான். அடுத்த வரிக்கு இன்னும் ரெண்டு பேர். அப்புறம் எல்லாரும். ஒரு மனுஷனுக்காக ஆமென் சொல்லிட்டு அவரையே எப்படி அடிப்பாங்க? சட்டையைப் பிடிச்ச கை விட்டுடுச்சு. டயரைக் கட்டையால தள்ளி வழி விட்டாங்க.

ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு பேரும் இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க. வராண்டாவில இப்ராஹிம் துண்டை விரிச்சுத் தொழுதார். பக்கத்துல நான் முக்காட்டோட உட்கார்ந்து ஸ்தோத்திரம் பண்ணினேன்.

ஊருக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துல இப்ராஹிம் வீட்டாரையும் சேர்த்துக்கச் சொன்னேன். எங்க ஐயர், போதகரை நாங்க அப்படித்தான் சொல்வோம், "அவங்க நம்ம சபை இல்லையேம்மா"ன்னார். "நீங்க பேரைச் சொல்லுங்கய்யா, ஆமென் நான் சொல்றேன்"ன்னேன். இன்னைக்கும் சொல்றோம். நானும் இப்பல்லாம் வாய் விட்டுத்தான் ஜெபம் பண்றேன்.

சகோதரிகளே, நான் போலீஸைக் கேட்டேன். ஆண்டவர் கீழ்வீட்டுக்காரரை அனுப்பினார். கஷ்டம்னா நீங்களும் கேளுங்க. யாரை அனுப்பணும்னு மட்டும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. தட்டினா கதவைத் திறங்க.

கிருபா, இங்க வாம்மா. அன்னைக்குப் பிறந்தவ நீதானே, நீயே வாசி. எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்க. இப்ராஹிம் பேர் வர்ற இடத்துல விழுங்காத. சத்தமா வாசி.