அந்தோனியாருக்குப் பின்னால் ஆடிய நூல்

பஸ்ஸில் போனாலும் லொறியில் போனாலும் நோபேட்டின் ஒரு கை வெளியேதான் இருக்கும். உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிப்பார், காற்று தள்ளும். மெல்லச் சரிப்பார், காற்று விரல்களுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போகும். "பிஸ்கற் பெட்டிக்கு என்ன பாரம்? நாங்க டீசல் ஊத்துறது காத்தைத் தள்ளத்தான்," என்பார், பக்கத்தில் யார் இருந்தாலும்.

கொட்டாஞ்சேனைக்காரர். ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே கண்கள் எங்கேயோ போய்விடும். சொந்தமாகப் பத்து ரயர் லொறி ஒன்று. வெள்ளவத்தை மொத்த வியாபாரி சிவபாதசுந்தரத்தின் பிஸ்கற் பெட்டிகளோடு கிழமைக்கு இரண்டு முறை யாழ்ப்பாணம் போகிறார். டீசல் செலவு வியாபாரியின் பொறுப்பு. இந்த மாதத் தொடக்கத்தில் அவர் நோகாமல் சொல்லிவிட்டார்: புது லொறிக்காரர் ஒருவர் ஒரு நடைக்கு இருபது லீற்றர் குறைவாக ஓடுகிறாராம். மாதம் முடிவதற்குள் நோபேட்டும் குறைத்தால் சரி. இல்லாவிட்டால் ஓட்டம் அந்த லொறிக்கு.

நோபேட் ரயர்களுக்குத் தினமும் காற்று அளந்தார். சுமையை மூடும் படங்கைத் தவில்போல இறுக்கிக் கட்டினார். அடுத்த ஒழுங்கையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மெல்ரோய், சக்கரங்களுக்கு இடையிலிருந்த வெற்றிடத்தைத் தகடு வைத்து மூடிக் கொடுத்தான். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அதே பெற்றோல் செட், அதே பம்ப், விளிம்புவரை டீசல். ஏழு லீற்றர் குறைந்தது. அதற்குமேல் அசையவில்லை.

அப்போதுதான் மனைவி கொன்ஸ்ரன்ஸின் பின்னல் கூடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை எடுத்து, விரல்நீளத் துண்டுகளாக வெட்டி, லொறியின் உடம்பெங்கும் ஒட்டினார். காற்று போகும் வழியை நூல் காட்டும். ஞாயிறு காலை, ஆளில்லாத ஹெந்தளை வீதியில் லொறி போக, மெல்ரோய் மோட்டார் சைக்கிளில் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அநேகமான நூல்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, வாய்க்காலடிப் பாசிபோல மெல்ல அசைந்தன. அவன் லொறியை மறித்துச் சொன்னான்:

"மற்றதெல்லாம் நித்திரை, அண்ணே. அந்தோனியாருக்குப் பின்னால உள்ளதுகள்தான் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

நோபேட் சிரிக்கவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்பு முறிகண்டிக்கு அப்பால் லொறி புரண்டது என்று செய்தி வந்தவுடன் கொன்ஸ்ரன்ஸ் வைத்த நேர்த்தி அது. அவர் கீறலும் இல்லாமல் வீடு திரும்ப, சாரதி இருக்கைக்கு மேலே, கூரையில், நாலடித் தகட்டில் வரைந்த புனித அந்தோனியார் ஏறினார். நேரே நிமிர்ந்து நின்று, வருகிற காற்றையெல்லாம் மார்பில் வாங்கினார்.

கழற்றுகிற பேச்சையே நோபேட் எடுக்கவில்லை. தகட்டின் தலைப்பக்கத்தைப் பின்னால் சாய்த்தால் போதும், காற்று அவர்மேல் ஏறிப் படங்கைத் தாண்டிவிடும் என்று சாப்பாட்டு மேசையில் கோப்பையைச் சாய்த்துக் காட்டினார். குழம்பு சிந்தியது. கொன்ஸ்ரன்ஸ் அதைத் துடைத்தபடி கேட்டார்:

"ஒன்பது வருஷமா றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவர். இனி வானத்தைப் பாத்தா, உங்களை ஆர் பாக்கிறது?"

மனைவி சம்மதிக்காமல் தகட்டின் போல்ட் ஆணிகளில் ஸ்பானர் வைக்க நோபேட்டுக்கு மனம் வரவில்லை. அடுத்த நடையும் ஏழு லீற்றரோடு முடிந்தது. கொன்ஸ்ரன்ஸ் அக்காவுக்குப் பயமா, அந்தோனியாருக்குப் பயமா என்று மெல்ரோய் சீண்டினான். "ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்," என்றார் நோபேட்.

செவ்வாய்க்கிழமை. மாதத்தின் கடைசி நடைக்கு இன்னும் இரண்டு நாள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நவநாள் செபம் முடிந்து வந்த கொன்ஸ்ரன்ஸ், ஹெந்தளையிலுள்ள தங்கை வீட்டுக்குப் போக வெறும் லொறியில் ஏறினார். களனிப் பாலத்தில் காற்று பலத்தது. நோபேட்டின் வலக்கை பழக்கப்படி வெளியே போனது.

கொன்ஸ்ரன்ஸ் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, இடக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை நேரே நிமிர்த்திப் பிடித்தார். காற்று அறைந்தது. வளையல் முழங்கைவரை ஓடியது. பாலம் முடியும்வரை கையை அப்படியே வைத்திருந்தார். அதன்பின், ஒவ்வொரு விரலாக, அதைப் பின்னால் சாய்த்தார். காற்று விரல்களுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போனது.