பிரவீண் குடித்த என் பாதிக் காபி

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தினமும் நானும் நண்பன் சுரேஷும் ஒன் பை டூ காபி குடிப்போம். இன்று என் பாதி பிரவீண் கையில் இருந்தது.

கேம் ஆடுபவர்களுக்கான கிரிப்டோ பணத்தில் நானும் சுரேஷும் ஒரு காயின் கட்சி. பிரவீண் எதிர் காயின் கட்சி. சுரேஷுக்காகப் பிரவீணோடு ஆன்லைனில் ஒரு வருடம் சண்டை போட்டவன் நான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"ரெண்டு காயினும் கைகோத்துக்கிச்சு மச்சி. இனிமே எந்த கேம்லயும் எதை வேணா செலவு பண்ணலாம். பிரவீண் ஃபேஸ்புக் குரூப்ல போட்டானே, பாக்கல?" என்றான் சுரேஷ்.

"எப்படிப் பாப்பான்? என்னை பிளாக் பண்ணிட்டானே" என்றான் பிரவீண், நிதானமாக ஊதிக் குடித்தபடி.

முழு காபி வாங்கித் தனியாக நின்றேன்.

நான் பிளாக் செய்த மற்றவர்கள் இதைப் படித்தால் கமென்ட் போடுங்கள். நாளைக்கு என்னோடு பாதிக் காபி குடிக்க ஆள் தேவை.