இரண்டு டிஸ்க்கும் ஒரு தாம்பாளமும்

என் கணவருக்கும் என் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது ஒரு டேபிள் ஃபேனால். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிர்ச்சாரியில் இருவரும் சேர்ந்து கடை நடத்தினார்கள். மனு டைப் அடிப்பது, கல்யாணப் பத்திரிகை அடிப்பது, ஜெராக்ஸ். ஃபேன் காற்று கம்ப்யூட்டர் மேல் பட வேண்டும் என்பது இவர் கட்சி. பெஞ்சில் காத்திருக்கிற ஜனங்கள் மேல் பட வேண்டும் என்பது அவன் கட்சி. ஒரு கத்திரி வெயிலில் இருவரும் அதை மாற்றி மாற்றித் திருப்பியதில் ஃபேனின் கழுத்து முறிந்தது. ஐம்பதைத் தொட்ட இரண்டு ஆண்கள், உடைந்த ஃபேனைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்போது சிரித்திருக்கக் கூடாது.

அவரவர் வாங்கியது அவரவருக்கு என்று அன்றைக்கே முடிவாயிற்று. கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க் இருந்தன. பழைய ஹார்டு டிஸ்க் தம்பி வாங்கியது, புது எஸ்எஸ்டி இவர் வாங்கியது. தம்பி இவர் கண்ணெதிரேயே பழையதைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினான். அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தனிக்கடை போட்டான்.

"விண்டோஸ் நம்ம டிஸ்க்லதான இருக்குது. பழசு போனா இன்னா?" என்று இவர் மறுநாள் தெம்பாகப் பவரைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

விஷயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டவன் என் தம்பி. போடும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி வைக்க மறந்திருக்கிறான். விண்டோஸ் புதுசில் போய்க் குடியேறியது. ஆனால் அதைத் தட்டி எழுப்புகிற சின்னத் துண்டை மட்டும், யாரையும் கேட்காமல், பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிட்டது. சிதம்பரத்தில் தம்பி அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டியபோது, அந்தத் துண்டு எழுந்து விண்டோஸைத் தேடி, காணவில்லை என்று நீலத் திரையில் வருத்தம் தெரிவித்ததாம். வீடு கடலூரில், சாவி சிதம்பரத்தில். கடையில் ஜெராக்ஸ் மட்டும் ஓடியது.

இதற்கு நடுவில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்தே இவர் அவளுடைய பத்திரிகையை டிசைன் செய்து வந்தார். மாப்பிள்ளை பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். அந்தப் பத்திரிகை கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. வேறு கடையில் அடிக்கலாமே என்றேன்.

"ஊருக்கே பத்திரிகை அடிக்கறவன் நானு. என் பொண்ணு பத்திரிகைய இன்னொருத்தன்கிட்ட போய் அடிப்பனா?"

"அப்ப விண்டோஸப் புதுசா போடுங்க."

"போட்டா டிசைன் போயிடும்."

"அப்ப தம்பியக் கூப்பிடுங்க."

"பத்திரிகை இல்லாம எப்படிக் கூப்பிடறது?"

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் பக்கத்தில் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, அடுத்ததைப் பெண்ணின் அப்பா தாம்பாளத்தில் வைத்துத் தாய்மாமனுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தாய்மாமன் கல்யாணத்துக்கு வரமாட்டான். என் தம்பி கட்டாயம் வரமாட்டான், அவன் குணம் எனக்குத் தெரியும். தம்பியைக் கூப்பிடப் பத்திரிகை வேண்டும், பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தம்பி வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் என் மகள் மாலை போட்டுக்கொண்டு தாய்மாமன் இல்லாத மணவறையில் நிற்பது போல எனக்குக் கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். "தாய்மாமனா வர வேணாம்டா. மெக்கானிக்கா வா. மெக்கானிக்குக்குப் பத்திரிகை வைக்க மாட்டாங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "மெக்கானிக்குன்னா வரேன்க்கா. ஆனா தண்ணிகூட குடிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை மஞ்சப்பையோடு வந்தான். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கடை அவருடையது, கீபோர்டும் அவருடையது. தம்பி கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தான். பழைய டிஸ்க்கை மாட்டினான். ஒரு பென்டிரைவைச் செருகிவிட்டு, இவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு என்னிடம் சொன்னான்.

"அக்கா, பவரப் போடச் சொல்லு."

"பவரப் போடுங்க" என்றேன்.

"போட்டாச்சின்னு சொல்லு" என்றார் இவர்.

"போட்டாச்சாம்."

திரையே அவன் எதிரில்தான் எரிந்துகொண்டிருந்தது. இப்படியே போனது வேலை. புது டிஸ்க்கின் ஓரத்தில் கொஞ்சம் இடம் வெட்டி, அதைத் துடைத்து, எழுப்புகிற துண்டை அங்கே வைக்க வேண்டுமாம். அவன் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக என்னிடம் சொல்ல, நான் இவரிடம் சொல்ல, இவர் ஒற்றை விரலால் அடித்தார். நடுவில் ஒரு அம்மா முதியோர் பென்ஷன் மனு அடிக்க வந்து, எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வரேன்" என்று போய்விட்டார்.

இடம் வெட்டியாகிவிட்டது. டிஸ்க்கில் எந்தப் பகுதியைத் துடைப்பது என்று நம்பர் போட்டுச் சொல்ல வேண்டிய கட்டத்துக்கு வந்தது வேலை.

"கேளு, எந்த நம்பருன்னு" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நான் என்ன வயரா, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட? வாயை இறுக மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தா, கேளுன்றேன்ல."

நான் அசையவில்லை. தம்பி கூரையைப் பார்த்தான். இவர் சுவரைப் பார்த்தார். திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. கடைசியில் இவருக்குப் பொறுமை போய்விட்டது. "எனக்குத் தெரியாதா இன்னா" என்று தானே ஒரு எண்ணை அடித்து, துடைக்கச் சொல்லும் வார்த்தையையும் அடித்துவிட்டு, என்டர் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"மாமா! கைய எடுங்க மாமா! அது விண்டோஸ் இருக்கறது! பாப்பா பத்திரிகை அதுலதான் இருக்குது!"

சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவர் போல இவர் கையை இழுத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வேர்வை. "அப்ப எது மச்சான்?" என்றார்.

"கடைசில இருக்கற குட்டி மாமா. நவுருங்க, நான் போடறேன்."

இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் வேலை சீக்கிரமே முடிந்தது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பவரைப் போட்டால், புதுசு தானே எழுந்து வந்தது. மாப்பிள்ளை பெயரைப் போட்டு இவர் முதல் பத்திரிகையைப் பிரிண்ட் எடுத்தார். தம்பி மஞ்சப்பையை மடித்துக்கொண்டு, "வேல முடிஞ்சிது, கெளம்பறேன்க்கா" என்றான். இனி இந்தக் கம்ப்யூட்டருக்கு அவன் தேவையில்லை. வேறு எதைச் சொல்லி அவனை வரவழைப்பேன்?

இவர் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு சிதம்பரம் வரலாம்னு இருந்தேன்" என்றார்.

"எதுக்கு மாமா?"

"பத்திரிகை வைக்க."

"எதிர்லதான நிக்கறேன்."

"தாம்பாளம் இல்லியே மச்சான். மொறைன்னு ஒண்ணு இருக்குதே."

தாம்பாளம் இல்லை என்பதற்காக இன்னொரு நாளா? அதற்குள் இன்னொரு ஃபேன் உடையும். பெஞ்சில் கிடந்த பக்கவாட்டுத் தகரத்தை எடுத்து, முந்தானையால் தூசி தட்டினேன். பக்கத்துக் கடையில் வெற்றிலை பாக்கும் இரண்டு வாழைப்பழமும் வாங்கி வந்து அதன்மேல் வைத்தேன். சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்குமத்தையும் வைத்தேன். இவர் பத்திரிகையை அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். தகரம் வளைந்து டபக்கென்று சத்தம் போட்டது. தம்பி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். சிரித்துக்கொண்டிருந்தவன் எப்போது அழ ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

"குலதெய்வத்துக்கு வெச்சிட்டீங்களா மாமா?" என்று கேட்டான்.

"சாமி கோவிச்சிக்காது மச்சான். நீ கோவிச்சிப்ப."

அன்று அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். அந்தத் தகரத்தைத் திரும்ப மாட்டியாகிவிட்டது. குங்குமம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் யாரையும் துடைக்க விடவில்லை.