கிளச் இல்லாத மூன்று கிழமை

கிளச் அறுந்த சாமான் வானை மூன்று கிழமை ஓட்டினேன். அதைப் பெருமையாக நினைத்தவர்களில் முதல் ஆள் என் முதலாளி. இரண்டாவது ஆள் நான்தான். அதனால்தான் இத்தனை வருடம் கழிந்தும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்க வருகிறது.

எண்பத்தேழாம் ஆண்டு குளிர்காலம். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடை ஒன்றில் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டை, மீன் பெட்டி, மரக்கறி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வோபர்ன், பார்க்டேல் என்று வீடு வீடாக இறக்க வேண்டும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, லொறியில் கிளீனராக ஏறி, பிறகு சாரதியானவன் நான். ஆங்கிலம் தெரியாது. தமிழிலும் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். என் அகதி வழக்கு முடிந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். "பொலிசிலை மட்டும் மாட்டிப்போடாதையுங்கோ" என்று வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருந்தார். ஒரு விபத்து நடந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பினேன்.

ஒரு நாள் மத்தியானம், எக்ளிங்டன் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது காலுக்குக் கீழே ஏதோ தெறித்தது. கிளச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, திரும்பி எழும்பவில்லை. கம்பி அறுந்துவிட்டது. பின்னால் நின்ற காரில் இருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் இறங்கி வானைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். வீதியோரப் போன் பெட்டியில் இருந்து கடைக்குப் பேசினேன்.

"முதலாளி, கிளச் போயிட்டுது. ஆரையும் இழுக்க அனுப்புங்கோ."

"உள்ளுக்கை மீன் கிடக்கெல்லே? நீங்கள் லொறி ஓட்டின மனிசன்தானே, அண்ணை. எப்பிடியும் கொண்டு வாங்கோ."

என்னை விடப் பத்து வயது இளையவர் அவர். எப்போதும் மரியாதையாக அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அந்த மரியாதைக்கு மேல் எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது.

கொண்டுபோனேன். ஊரில் மாங்குளம் காட்டுக்குள் கிளச் உடைந்த லொறியை ஒருமுறை கரை சேர்த்தவன், அது எனக்குப் புதிதில்லை. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரே வண்டியை இழுத்துக்கொண்டு பாயும், எஞ்சின் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஓடும்போது எக்சலேட்டரைக் கொஞ்சம் விட்டு, கியரை நியூட்ரலுக்கு உருவி, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை ஒரு கணம் காத்திருந்து அடுத்த கியருக்குள் தள்ள வேண்டும். சத்தம் சரியாக இருந்தால் வெண்ணெய்க்குள் கத்தி போவது போலப் போகும். பிழைத்தால் பற்கள் அலறும். கீழ் கியருக்கு வரும்போது நியூட்ரலில் ஒருதரம் மிதித்துச் சத்தத்தை ஏற்றிவிட வேண்டும். எல்லாம் காதில்தான் இருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் என் தோளைப் பிடித்தார்.

"பாத்தியளோ எங்கட அண்ணையை? எக்ளிங்டன் முழுக்கக் கிளச் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!"

கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப பிரேக்கும் தேவையில்லையோ தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் செய்த ஒன்றை ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பை இப்போது என் முகத்தில் இருந்து சுரண்டி எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுவேன்.

அடுத்த நாள் வான் திருத்தப்பட்டிருக்கும் என்று நினைத்து வந்தேன். மூட்டைகள் ஏற்றப்பட்டிருந்தன. கம்பி அறுந்தபடியே கிடந்தது.

"நாளைக்குப் பாப்பம் அண்ணை. இண்டைக்குக் கனக்க ஓடர்."

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் கேட்டேன். "உங்களுக்குத்தான் கிளச்சே தேவையில்லையே!" என்று சொல்லி கடைக்குள் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரிந்த வேலையே எனக்குச் சுருக்குக் கயிறானது அப்படித்தான். தெரியாதவனாக இருந்திருந்தால் வான் அன்றைக்கே கராஜுக்குப் போயிருக்கும்.

பிறகு மூன்று கிழமை, கிட்டத்தட்ட இருபது நாள். ஒவ்வொரு விளக்கையும் தூரத்திலேயே பார்த்து, நிற்காமல் போய்ச் சேர ஊர்ந்தேன். பின்னால் வருபவன் ஹோர்ன் அடித்துத் தள்ளுவான். நின்றுவிட்டால் எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, பச்சை விழுந்ததும் பாய வேண்டும். பனி விழுந்த நாட்களில் சில்லு வழுக்கும். வெளியே விறைக்கும் குளிர், எனக்கோ முதுகு நனைந்திருக்கும். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைப் பிடித்தால் இடது கால் தானாக நடுங்கும். இல்லாத கிளச்சை மிதித்து மிதித்து ஏமாந்த கால் அது.

மூன்றாவது கிழமை, வோபர்னில், பள்ளிக்கூடம் விடும் நேரம். பிள்ளைகளை வீதி கடக்க விடும், செம்மஞ்சள் அங்கி போட்ட ஒரு பெண் பலகையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு நடுவில் வந்தார். நின்றேன். எஞ்சினை நிறுத்தி முதல் கியரில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிள்ளைகள் கடந்து முடிந்தார்கள், பலகை இறங்கியது, பின்னால் ஹோர்ன் அடித்தது. சாவியைத் திருப்பினேன்.

கிளச் உள்ள வண்டி என்றால் மெல்ல அசையும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இது பாயும். அதே கணத்தில் ஒரு சின்னப் பெண், விழுந்த கையுறையை எடுக்கத் திரும்பி ஓடி வந்தாள். பிரேக்கில் ஏறி நின்றேன். எஞ்சின் உதறி நின்றது. பம்பருக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அவள் கையுறையை எடுத்து, தட்டி, போட்டுக்கொண்டு போனாள். அங்கி போட்ட பெண் பலகையால் வானின் பொனற் மூடியில் அடித்து அடித்துக் கத்தினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னதெல்லாம் சரி என்று மட்டும் தெரிந்தது.

கடைக்கு எப்படி வந்தேனோ தெரியாது. முதலாளி கல்லாவில் நின்றார். நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"வந்திட்டியளோ? பார்க்டேலுக்கு எட்டு மூட்டை கிடக்கு, கெதியா ஏத்துங்கோ."

"வானாலை ஒரு பிள்ளையை அடிக்கப் பாத்தன்" என்றேன்.

"ஐயோ! அடிபட்டதோ?"

"இல்லை."

"அப்ப ஒண்டும் நடக்கேல்லைத்தானே. தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

அந்த "ஒண்டும் நடக்கேல்லை" என் தலைக்குள் போய் வெடித்தது. நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது.

"நடந்தால்தான் திருத்துவியளோ? உங்கட பிள்ளை அந்த வழியாலை நடந்து போறேல்லையோ? கம்பி ஒண்டு மாத்த உங்களுக்கு மூண்டு கிழமை காணாதோ?"

அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணைக்குக் கோவம் வந்திட்டுது!"

"ஓம், வந்திட்டுது. இந்தாங்கோ, நீங்கள் ஓட்டுங்கோ."

சாவியை அரிசி மூட்டையின் மேல் எறிந்தேன். ஆட்களுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதல் கியரில் நின்ற வானின் வேலை செய்யாத மிதியை அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்பினார். வான் நடைபாதையில் ஏறி, கடைத் தள்ளுவண்டிகளுக்குள் பாய்ந்து நின்றது. இறங்கி வந்தவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. போனை எடுத்துக் கராஜைக் கூப்பிட்டார்.

திருத்த வந்தவருக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. வானுக்குக் கீழே படுத்து, அறுந்த கம்பியை உருவி, புதியதை மாட்டிவிட்டு எழும்பினார். அவ்வளவுதான். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக ஒரு பிள்ளையின் உயிரையும் என் பிள்ளைகள் இங்கே வந்து சேரும் வழியையும் மூன்று கிழமை வீதியில் வைத்துச் சூதாடியிருக்கிறோம். அவர் மட்டும் அல்ல, புகழ்ச்சிக்கு வாயைத் திறந்துகொண்டு நின்ற நானும்.

முதலாளி சாவியை நீட்டினார். "இனிச் சரிதானே அண்ணை?"

எட்டு மூட்டையும் பார்க்டேலில் ஆட்கள் காத்திருந்த மூட்டைகள். எனக்கு வேறு வேலையும் இல்லை. சாவியை வாங்கினேன்.

"சரியில்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.