டொரத்தி டீச்சரை அமைதிப்படுத்திய கார்

கோத்தா திங்கியில் ஆறு ஊருக்குள் ஏறிய வருடம், பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தவர்களுக்குச் சோறு வந்துவிட்டது என்று அறிவிக்க ஒலிபெருக்கி இல்லை. டொரத்தி டீச்சர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தார். மண்டபம் முழுக்க வரிசையில் நின்றது. அக்கரையில் இருந்தவர்களும் படகு பிடித்துச் சாப்பிட வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் அவரிடம் படித்த யாரும் அதை மறுத்ததில்லை.

ஓய்வு பெற்று உலு திராமில் குடியேறிய பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. கோத்தா திங்கி தேவாலயத்துப் பாடகர் குழுவை அவர்தான் நடத்தினார். மற்றவர்களுக்கு மைக் வைப்பார்கள், அவருக்கு வைப்பதில்லை. கணவர் பிரெட்ரிக், தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், இதற்கு நேர்மாறு. அவர் பேச்சில் பாதி "ம்" தான். சரி, வேண்டாம், பசிக்கிறது, மூன்றையும் அந்த ஒரு "ம்"மிலேயே சொல்லிவிடுவார்.

போன வருடம் டீச்சர் ஒரு புதுக் கார் வாங்கினார். தமிழில் பேசினாலும் கேட்கும் கார். அதற்கு மெலூர் என்று பெயர். "மெலூர்! ஏர்கான்!" என்று அதட்டினால் குளிர்காற்று வரும். "மெலூர்! ஜன்னல்!" என்றால் ஜன்னல் இறங்கும், பக்கத்துக் கார்க்காரரும் பயந்துபோய்த் தம் ஜன்னலை இறக்குவார். "என் வகுப்பிலகூட இப்படி ஒரு பிள்ளை இருந்ததில்ல" என்று டீச்சருக்குப் பெருமை.

அப்புறம் ஒருநாள் திரையில் ஒரு செய்தி வந்தது. புதிய மென்பொருள் தயார், நிறுவிக்கொள்ளவும். வீட்டிலேயே செய்யலாம் என்றும் போட்டிருந்தது. டீச்சர் அதை நம்பவில்லை. பிரெட்ரிக்கையும் ஏற்றிக்கொண்டு, கார் வாங்கிய ஷோரூமுக்கே போனார். அங்கே சர்வீஸ் பிரிவில் இருந்த ஷர்மினி அவருடைய பழைய மாணவி.

"பயப்படாதீங்க டீச்சர். போன்ல அப்டேட் பண்றீங்கள்ல, அதே மாதிரிதான் லா."

மைலோ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. கார் வெளியே பார்க்க முன்பு போலவேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாடல் ஒத்திகைக்குக் கிளம்பினார்கள். டீச்சர் ஓட்ட, பக்கத்தில் பிரெட்ரிக், பின்னால் பாடகர் குழுவின் பிரேமலா. பிரதான சாலையில் ஏறியதும் டீச்சர், "மெலூர்! ஏர்கான்!" என்றார்.

ஏர்கான் வரவில்லை. உள்ளே விளக்கு மங்கி நீல நிறமானது. ஒரு பெண் குரல், தூங்கும் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல, "புவான் டொரத்தி, தாரிக் நஃபாஸ்" என்றது. மலாய் மொழியில் மூச்சை இழுத்து விடச் சொல்கிறது. கூடவே அருவி கொட்டும் சத்தம்.

"என்னாது?"

அருவிச் சத்தம் கூடியது. டீச்சரின் இருக்கை முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்தது.

"ஏய்! நிறுத்து!"

இப்போது புல்லாங்குழலும் சேர்ந்துகொண்டது. உள்ளே வியர்த்துக் கொட்டியது. பிரெட்ரிக் பொறுத்துப் பார்த்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி, "மெலூர், ஏர்கான்" என்று முணுமுணுத்தார். சில்லென்று காற்று வந்தது.

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையை அவர் நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"அக்கா," என்றார் பிரேமலா பின்னாலிருந்து, "அந்த அருவிய மட்டும் நிறுத்தச் சொல்லுங்களேன். எனக்கு அவசரமா வருது."

மறுநாளே டீச்சர் ஷோரூமில் நின்றார். ஷர்மினி திரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"டீச்சர், புது வெர்ஷன்ல டிரைவர் டென்ஷனா இருந்தா கார் கண்டுபிடிச்சு அமைதிப்படுத்தும். நீங்க கோபமா இருக்கீங்கன்னு நெனைக்குது."

"நான் கோபமா இல்ல!"

பெயிண்ட் நிறம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதி கையெடுத்து மன்னிப்புக் கேட்பதுபோல நகர்ந்து போனார்கள்.

"பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாது டீச்சர். இத அணைக்கிறதுக்கு சுவிட்ச் அடுத்த அப்டேட்ல வரும்னு சொல்றாங்க. எப்பன்னு தெரியல."

டீச்சர் சும்மா இருப்பாரா? காஹாங்கில் கமலநாதன் என்று ஒருவர் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார், லேப்டாப்பைச் சொருகி எந்தக் காரையும் வழிக்குக் கொண்டுவருவார் என்று பிரேமலாவின் தம்பி சொல்லியிருந்தான். செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி அவ்வளவு தூரம் போனார்கள். கமலநாதன் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு எதையோ சொருகினார். எதையோ தட்டினார். "அலமாக், போச்சு" என்று ஒருமுறை சொன்னார். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

"சரியாயிடுச்சு ஆன்ட்டி. கூப்பிட்டுப் பாருங்க."

"மெலூர்!"

கார் பதில் சொன்னது. தாய்லாந்து மொழியில். என்ன சொன்னது என்று யாருக்கும் புரியவில்லை, ஆனால் மூச்சை இழுத்து விடத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அருவி கொட்டத் தொடங்கியது. திரும்பும் வழியெல்லாம் அருவி. பிரெட்ரிக் பெட்ரோல் நிலையக் கழிப்பறைகளுக்கு இறங்கி இறங்கி ஏறினார்.

ஷர்மினிதான் மொழியை மீட்டுக் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்த டீச்சருக்கு, வீட்டுப்பாடத்தைப் பக்கத்துப் பையனை விட்டு எழுத வைத்து மாட்டிக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

வீட்டு வாசலில் கார் நின்றபோது டீச்சர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "முப்பது வருஷம் நான் சொல்லி யாரும் கேக்காம இருந்ததில்ல" என்றார்.

பிரெட்ரிக் அன்று "ம்" சொல்லவில்லை. "இது சின்னப் பிள்ளை டோரி. புது வெர்ஷன் வந்து ஒரு வாரம்தான் ஆவுது. மெதுவா சொல்லிப் பாரேன்."

"நான் மெதுவாத்தான் சொல்றேன்."

"இன்னும் மெதுவா."

முதல் முயற்சியைக் கேட்டு எதிர் வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, ஜன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அடுத்தது தெருவில் சைக்கிளில் போனவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிரெட்ரிக், காதில் ரகசியம் சொல்வதுபோலக் கையைக் குவித்துக் காட்டினார். டீச்சர் கண்ணை மூடினார். தொண்டையில் எங்கோ இதுவரை திறக்காத ஒரு அறையைத் தேடினார்.

"மெலூர்மா... ஜன்னல கொஞ்சம் இறக்கும்மா."

ஜன்னல் இறங்கியது. நீல விளக்கு இல்லை, புல்லாங்குழல் இல்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு அவர் அந்தக் காரிடம் பேசுவதைக் கேட்கவே பாடகர் குழுப் பெண்கள் போட்டி போட்டு ஏறினார்கள். "போதும்டா கண்ணு, காத்தக் கொறச்சுக்க." "பாட்டு போடுறியாம்மா?" தேவாலயத்துக்குள் நுழைந்ததும் பழைய குரல் வந்துவிடும், தூண்கள் அதிரும். காருக்குள் மட்டும் அவர் வேறு ஆள்.

பிரெட்ரிக் மூன்று வாரம் பொறுத்தார். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "கண்ணுன்னு சொல்ற. அம்மான்னு சொல்ற. என்கிட்ட ஒருநாளும் இப்படிப் பேசினதில்ல நீ."

டீச்சர் ஒரு லாரிக்கு வழிவிட்டார். பிறகு, கேட்குமோ கேட்காதோ என்ற குரலில், "ஏங்க... பசிக்குதா?" என்றார்.

இருவரும் அப்போதுதான் பிரேமலா வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார்கள்.

"ஆமா, ரொம்ப" என்றார் பிரெட்ரிக். டீச்சர் உடனே சிக்னல் போட்டு, சாலையோரத் தோசைக் கடைக்குள் காரைத் திருப்பினார்.