இன்னும் வராத பதினான்கு

அச்சகத்தில் இருபத்தேழு வருஷம் இயந்திரம் ஓட்டியவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பரிசோதனை நிலையத்தில் ஒரு காதுக்கருவியைக் கொடுத்து, "எட்டு நாள் போட்டுப் பாருங்க, சரிப்படலேன்னா திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்கள். மாட்டினால் மட்டும் போதாது. போனில் ஒரு செயலி வழியாக அதைக் காதுக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். அந்தச் செயலி ஓடப் போனில் ஆண்ட்ராய்டு பதினான்காம் பதிப்பு வேண்டுமாம். அவர் போனில் இருந்ததோ பதிமூன்று.

இன்று எட்டாவது நாள். ஐந்து மணிக்குள் சரிப்படாவிட்டால் கருவியைத் திருப்பித் தர வேண்டும். மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தபடியே அப்டேட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று போன் கூசாமல் சொன்னது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனைவியின் போனும் அதே மாடல், அதே கடையில் அதே நாளில் வாங்கியது. அதற்குப் பதினான்கு போன வாரமே வந்துவிட்டது.

மூன்றாம் முறையாகப் போன் கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா அவர் காதருகே வந்து விளக்கினார். "சார், புதுப் பதிப்பைக் கம்பெனி தன் மாடலுக்கு ஏத்த மாதிரி மாத்தி, முதல்ல கொஞ்சம் பேருக்குத்தான் அனுப்பும். அவங்க போன்ல கோளாறு இல்லேன்னா அப்புறம் மத்தவங்களுக்கு. நீங்க தலைகீழா நின்னாலும் வர்றப்பதான் வரும். கருவிய வீட்டம்மா போன்ல சேர்த்துக்கலாமே?"

அதுதான் நடக்காத காரியம். போன் யாரிடம் இருக்கிறதோ, கருவியின் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் கையில். என் காது அவள் கையிலா என்று எட்டு நாளும் வீம்பு. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

நாலேகால் ஆனது. கருவியைப் பெட்டியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார். பதிமூன்றேதான். சாகும்வரை இப்படியேதானா என்று பயம் வந்துவிட்டது. கருவியை மாட்டிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றார்.

"உன் போன்லயே பண்ணு."

அவள் மறுபேச்சில்லாமல் செயலியைத் திறந்து விரலை மெல்ல நகர்த்தினாள்.

"இப்பக் கேக்குதாங்க?"

கேட்டது. ஆனால் அது அவருக்குத் தெரிந்த குரல் இல்லை. கரகரத்து, பாதி வெறும் காற்றாக வந்தது.

"தொண்டை கட்டியிருக்கா? எப்பலேருந்து?"

"அதுவா? ஒம்பது வருஷமாக் கத்திக் கத்தி இப்படி ஆயிடுச்சு."

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே மெதுவாப் பேசு" என்றார். "எனக்குக் கேக்குது."