எதிர்வீட்டுச் சாமி மேடை

உஷாராணி என்கிற பேரைப் புனிதா முதல்முதலாகக் கேட்டது காப்பாரில், மாமியார் வீட்டு அடுக்களையில். கையெல்லாம் மீன் செதில். மாமியார் வீரம்மா செந்தூலில் இருந்த தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "உஷாராணியா? பேரே நல்லா இருக்கே. நம்ம சின்னவன் ராஜனுக்குப் பாப்போம்லா" என்றாள். அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது புனிதாவுக்கு. அவள் பேரை யாரும் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவள் வைத்த மீன் குழம்பில் உப்பு கூடிப்போனது. அதையும் வீரம்மா சொல்லத்தான் செய்தாள்.

உஷாராணி செந்தூல் பிள்ளை. அப்பா ரயில் பட்டறையில் வெல்டர். அம்மா வழிச் சொந்தமெல்லாம் பந்திங் பக்கம். ரெண்டு ரூம் பிளாட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். தையல் மிஷினுக்கு அடியில் தலையை விட்டுத்தான் உஷாராணி படுத்து வளர்ந்தாள். சாமி படம் பிரிஜ்ஜுக்கு மேலே, அதுக்குப் பக்கத்தில் அப்பாவின் ஹெல்மெட். "எனக்குன்னு ஒரு வீடு வந்தா எல்லாம் அதது இடத்துல இருக்கணும்க்கா" என்று கல்யாணமாகி வந்த புதிதில் புனிதாவிடமே சொல்லியிருக்கிறாள். புனிதா சிரித்து வைத்தாள்.

வீடு வந்தது. அதுவும் எங்கே வந்தது தெரியுமா? கிள்ளானில் புனிதா குடியிருந்த அதே தாமான் குடியிருப்பில், அதே ரோட்டில், நேர் எதிரே. அண்ணன் தம்பி எதிரும் புதிருமாக இருந்தால் நல்லது என்று புனிதாவின் புருஷன் கமலநாதனும் ராஜனும் சேர்ந்து பார்த்த வேலை. புனிதாவை யாரும் கேட்கவில்லை. ரெண்டு வரிசையும் ஒரே மாதிரி மாடி வீடுகள். வாசலில் கார் நிறுத்தப் போர்ச், உள்ளே ஹால், பின்னால் அடுக்களை, மேலே ரூம்கள். ஒரு வீட்டைப் பார்த்தால் எல்லா வீட்டையும் பார்த்த மாதிரி.

நோய் பரவி ஊரடங்கு போட்ட காலத்தில் ராஜனுக்கு வேலை போனது. அப்போதுதான் உஷாராணி செந்தூலிலிருந்து வாஸ்து பார்க்கிற ஒருத்தரைக் கூட்டி வந்தாள். அவர் வீடு முழுக்க நடந்தார். சாமி மேடையை உள்ளே நுழைந்ததும் வரும் ஹாலின் இடது சுவரில் வைக்கச் சொன்னார். மேலே கட்டிலைத் திருப்பி வலது சுவரில் தலை வரும்படி போடச் சொன்னார். அலமாரி, அடுப்பு, தண்ணி பிடித்து வைக்கிற தோம்பு, எல்லாம் இடம் மாறின. மூணு மாதம் கழித்து ராஜனுக்குத் துறைமுகத்தில் சூப்பர்வைசர் வேலை. அடுத்த வருஷம் மகள் ஷாமினிக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம். புனிதாவின் மகன் தனேஷுக்கு அதே இடம் கேட்டுக் கிடைக்காமல் போயிருந்தது.

"அந்தப் பிள்ளை படிச்சுது, கிடைச்சுது" என்றார் கமலநாதன்.

"நம்ம பிள்ளை படிக்கலையா? சும்மா இருங்க. எல்லாம் அந்த மேடை."

அன்றிலிருந்து புனிதாவின் கண் எதிர்வீட்டில்தான். வாசல் கிரில்லுக்கு உள்ளே நின்று துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு பார்ப்பாள். அங்கே விளக்கு ஏற்றினால் இங்கே வயிறு எரியும். உஷாராணி சாப்பாடு கொண்டுவரும் கேட்டரிங் பெண்ணோடு சிரித்துப் பேசினால், எனக்கு அப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது உஷாராணி ரோட்டைத் தாண்டி வந்து, "அக்கா, ஏதும் வாங்கி வரணுமா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியில்கூடக் குத்தம் தேடுவாள் புனிதா.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது ஒன்று வந்தது. மாமனார் நாகையா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அவர் போனதிலிருந்து அவருக்கு வருஷப் படையல் மூத்தவன் வீட்டில்தான் நடக்கும். வீரம்மா காப்பாரிலிருந்து முதல் நாளே வந்து தங்குவாள். நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று வீடு நிறையும். அந்த ஒரு நாளில் புனிதாதான் எல்லாம். இந்த வருஷம் வீரம்மா போனில் ஒரு வார்த்தை விட்டாள்.

"புனிதா, இந்தத் தடவை உஷா வீட்ல படைச்சிக்கலாமா? அங்க லட்சணமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

புனிதா போனைக் காது மாற்றி வைத்தாள். குரலைச் சிரிக்க வைத்துக்கொண்டு, "நானும் வாஸ்துப்படி மாத்திக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை. வந்து பாருங்க. பிடிக்கலைன்னா அடுத்த வருஷம் அங்க வச்சிக்கோங்க" என்றாள்.

"சரி, வந்து பாக்குறேன்" என்றாள் வீரம்மா.

வாஸ்துக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் உஷாராணியிடம்தான் நம்பர் கேட்கணும். அதுக்கு உயிரை விடலாம். சீனி இல்லை என்று எதிர்வீட்டுக்குப் போனாள், ஷாமினிக்குப் பலகாரம் என்று போனாள், மேலே பாத்ரூம் பைப்பைப் பார்க்கணும் என்றுகூடப் போனாள். கட்டில் எங்கே, மேடை எங்கே, அடுப்பு எங்கே, எல்லாம் மனதில் பதிந்தது. ஒரு சனிக்கிழமை லோரி வைத்துப் பெரிய மேடை ஒன்று வந்து இறங்கியது. வலது சுவரில் இருந்த பழைய மேடையைக் கழற்றி, இடது சுவரில் புதுசை வைத்தாள். நாகையா படத்தையும் அதே சுவரில் பக்கத்தில் மாட்டினாள். கட்டில் தலை வலது பக்கம் போனது.

கமலநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் நில்லு. கிழக்கு எதுன்னு பார்த்தியா?"

"உங்க தம்பி வீட்ல காசு குடுத்துப் பார்த்தாங்களே, அது போதாதா? அதே வீடுதானே இது? அங்க இடது, இங்கயும் இடது. தள்ளுங்க."

அவர் தள்ளினார்.

படையலுக்கு முதல் நாள் வீரம்மா வந்தாள். மேடையைப் பார்த்து, "நல்ல வேலைப்பாடுதான்" என்றாள். புனிதா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் நாத்தனார்கள் வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாயிற்று. உஷாராணியும் வந்து கோழியைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். வீரம்மா குளித்துவிட்டு, பழக்கப்படி சூரியனைக் கும்பிட வாசல் கேட்டுக்குப் போனாள். சூரியன் உஷாராணி வீட்டுக் கூரைக்கு மேலே ஏறியது. கும்பிட்டாள். உள்ளே வந்தாள். மேடைக்கு முன்னால் நின்றவள் வாசலை ஒரு தரம், சுவரை ஒரு தரம் பார்த்தாள்.

"புனிதா! இங்க வா. சூரியன் வாசல்ல வருது. அப்ப இந்தச் சுவர் தெற்கில்ல?"

நாத்தனார்கள் கத்தியும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

"தெற்கு பார்த்து விளக்கேத்துறியே, எவன் சொன்னான் உனக்கு? எமன் திசைலா அது!"

புனிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எதிர்வீடு மேற்கே பார்த்த வீடு. இது கிழக்கே பார்த்த வீடு. அங்கே இடது சுவர் வடக்கு என்றால், இங்கே அதே இடது சுவர் தெற்கு. பழைய மேடை இருந்த சுவர்தான் வடக்கு. சரியாக இருந்ததைக் கழற்றித் தப்பாக வைத்திருக்கிறாள். ஒரு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். படையல் ரோட்டைத் தாண்டிப் போகப்போகிறது என்று புனிதா முடிவே பண்ணிவிட்டாள்.

உஷாராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தை, செத்தவங்களுக்குத் தெற்கு பார்த்துத்தானே படைக்கணும்? மாமா படத்தையும் தெற்குச் சுவர்லதான் மாட்டணும்னு எனக்கு வாஸ்து பார்த்தவரும் சொன்னாரு. மாமா படையலுக்குன்னே அக்கா மாத்தி வச்சிருக்காங்க. முடிஞ்சதும் சாமியை மறுபடி அந்தப் பக்கம் வச்சிருவாங்க. இல்லக்கா?"

புனிதா தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்?

வீரம்மாவின் முகம் மாறியது. நாகையா படத்தைப் பார்த்தாள். "எம் புருஷனுக்காக வீட்டையே திருப்பிட்டியா?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே எங்கயும் வேணாம். என் காலம் வரைக்கும் படையல் இங்கதான்." சிரித்த நாத்தனார் மறுபடி வெங்காயத்தில் குனிந்துகொண்டாள்.

படையல் நன்றாகவே நடந்தது. கோழிப் பெரட்டல், மீன், நாகையாவுக்குப் பிடித்த ஸ்டவுட் கறுப்பு பீர் ஒரு போத்தல். எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் பின்பக்கம் ரெண்டு பேரும் அண்டா கழுவினார்கள்.

"அக்கா, நாளைக்கு ராஜனை அனுப்புறேன். மேடையை மாத்திருவோம். மேல கட்டிலையும். தலை வடக்கே இருக்கு."

புனிதா அண்டாவைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"லோரி வந்த அன்னிக்கே."

"சொல்றதுக்கென்ன?"

"நான் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

புனிதா அண்டாவை மறுபடி தேய்த்தாள். கேட்டது கிடைத்தது. அதைக் கொடுத்தது உஷாராணி. நன்றி சொல்ல வாய் திறந்தாள், வரவில்லை. எனக்கு ஏன் காலையில் அத்தை முன்னால் அப்படி ஒரு பதில் வாயில் வரவில்லை, இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது? இத்தனை நாள் வேலைக்கும், மெட்ரிகுலேஷனுக்கும், மேடைக்கும் எரிந்த வயிறு இப்போது அதுக்கும் எரிந்தது.

"ராஜன் வேணாம். நாங்களே மாத்திக்குறோம்" என்றாள்.

மறுநாள் கமலநாதனும் அவளும் மாத்தினார்கள். படையல் இப்போதும் புனிதா வீட்டில்தான் நடக்கிறது. கோழிப் பெரட்டல் செய்ய அவளே போய் உஷாராணியைக் கூப்பிடணும், வீரம்மா அதில் கண்டிப்பு. கூப்பிடுகிறாள், முகத்தைப் பார்க்காமல்.

உஷாராணி இப்போது ராஜனோடு கிள்ளானில் அதே எதிர்வீட்டில்தான் இருக்கிறாள்.